முறை எடுக்க வந்தவன்

ஒரு ஊர்ல ஒரு தொப்பைக்காரன் இருந்தான். சிரிக்காதட்டி, தொப்பைக்காரனுக்கும் கதை உண்டு. பேரு தங்கதுரை. கடலோரத்து ஊரு. ஊரைச் சுத்தி உப்பளம், காலையில பாத்தா தரையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா கெடக்கும். போர்வையை இழுத்துக்கோ. இது பயம் வர்ற கதை, பாதியில நிறுத்துன்னா அத்தை நிறுத்தமாட்டேன். ம் சொல்லிக்கிட்டே வரணும், சரியா?

“ம்.”

அந்தத் தங்கதுரைக்கு லாரி ஆபீஸ்ல வேலை. நாள் பூரா உக்காந்த எடத்தை விட்டு நகராத வேலை. டாக்டரு பாத்துட்டு, “சக்கரை எட்டிப் பாக்குது தம்பி. ஒடம்பை அசைக்கலைன்னா உள்ள வந்து உக்காந்துக்கும்”னாரு. அப்புறம் அவன் ஒரு சைக்கிள் வாங்குனான். நம்ம பால்காரர் சைக்கிள் மாதிரி இல்ல. கேரியர் கெடையாது, ஸ்டாண்டு கெடையாது, செவத்துல சாச்சுதான் வைக்கணும். ஹேண்டில் ஆட்டுக்கெடா கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கும். தொடையோட ஒட்டுற டவுசர் ஒண்ணை மாட்டிக்கிட்டு விடியும்போதே கெளம்புவான். மொதல்ல மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குச்சு. அப்புறம் தொப்பை கொறைஞ்சுது, சக்கரையும் கொறைஞ்சுது. நல்லதுதானே? நல்லதுதான், யாரு இல்லைன்னா.

ஆனா கிறுக்குப் புடிச்சுக்கிச்சு. மொதல்ல ஊர் எல்லை வரைக்கும் போனான், அப்புறம் பாலம் வரைக்கும், அப்புறம் பாலத்தையும் தாண்டி உப்பளத்து ரோட்டுக்கு. வீட்டுக்கு வந்தாலும் சைக்கிள்தான். சக்கரத்தைக் கழட்டி நடுவீட்ல போட்டு வைப்பான். பொண்டாட்டி பால் காய்ச்சுற சட்டியில மண்ணெண்ணெயை ஊத்தி செயினை ஊறப் போட்டுட்டான்னா பாரேன். நானா இருந்தா சட்டியை அவன் தலையில கவுத்திருப்பேன். அவ பேரு ஜெபக்கனி, பொறுமைசாலி. “ஏங்க, நாளைக்குக் கொழாயில தண்ணி வரும், நீங்கதான் வந்து புடிக்கணும்”பா. அவன் சக்கரத்தைச் சுத்தி விட்டுப் பாத்துக்கிட்டே “ம்”பான். “ஏங்க, ஷைனியைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடணும்”பா. ஷைனி அவங்க மக, உன் வயசுதான். அதுக்கும் “ம்”. நீ சொல்றது கதை கேக்கிற ம். அவனோடது காதே கேக்காத ம்.

“ம்.”

அப்புறம் ஒரு நாள் காலையில உப்பளத்து ரோட்டுல போறான். மனுச வாடையே இல்ல. எதிர்காத்து, ஊஊஊன்னு அடிக்குது. மிதிக்க மிதிக்க வண்டி நின்ன எடத்துலயே நிக்குது. அப்போ பிடரியில சில்லுன்னு இருந்துச்சு. திரும்பிப் பாத்தா, ஒட்டுனாப்புல ஒருத்தன் சைக்கிள்ல வாரான். மூஞ்சி பூரா துணி சுத்தியிருக்கான், கண்ணு மட்டும் தெரியுது. எப்ப வந்தான்னு தெரியல. ஏன்னா அவன் சைக்கிள்ல சத்தமே இல்ல. செயின் கிர்ருங்கல, டயரு சரசரங்கல. ஒண்ணுமே இல்ல.

“காத்து பலமா இருக்கு. நான் முன்னாடி போகட்டா?” அப்படின்னான்.

“போங்க, போங்க”ன்னான் தங்கதுரை.

சைக்கிள்காரங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா? எதிர்காத்து அடிச்சா ஒருத்தன் முன்னாடி போய் காத்தை நெஞ்சுல வாங்கிக்குவான். பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றவனுக்குப் பாதிப் பாடுதான். கொஞ்ச தூரம் போனதும் மாத்திக்கணும். அதுக்கு முறைன்னு பேரு. என் முறை, உன் முறை. தன் முறையை எடுக்காம அடுத்தவன் முதுகுலயே வந்தா அது அசிங்கம்.

அந்தத் துணிக்காரன் முன்னாடி போனான். ஏட்டி, காத்தே நின்னுபோச்சு. தங்கதுரை மிதிக்கவே வேணாம், வண்டி வழுக்கிக்கிட்டு ஓடுது. அவனுக்குச் சொகம்னா அப்படியொரு சொகம். அப்போ துணிக்காரன் திரும்பாமலே, “இனி ஒங்க முறை”ன்னான்.

“கால் வலிக்குதுங்க. நீங்களே போங்களேன்.”

“சரி. அப்ப ஒங்க முறையை நான் வேற எடத்துல எடுத்துக்கிறேன். சம்மதமா?”

தங்கதுரை வேகத்தைப் பாத்துக்கிட்டே என்ன சொன்னான்?

“ம்.”

அதேதான். ம்முன்னு சொல்லிட்டான்.

வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தான். தண்ணி வந்து நின்னிருக்கும், ஜெபக்கனி இன்னைக்கு உரிச்சு எடுத்துருவான்னு பயந்துக்கிட்டே உள்ள நுழைஞ்சா, வரிசையா கொடம் எல்லாம் தளும்பத் தளும்ப நெறைஞ்சிருக்கு. ஜெபக்கனி சிரிச்ச முகமா, “இன்னைக்காவது நேரத்துக்கு வந்து புடிச்சு வச்சீங்களே. அதுக்குள்ள மறுபடியும் எங்க போனீங்க?”ன்னா. இவனுக்கு ஒண்ணும் புரியல. புரியாட்டி கேக்கணும்ல? கேக்கல. திட்டு மிச்சம்னு விட்டுட்டான். ஒரு டம்ளர் மொண்டு குடிச்சான். தண்ணி உப்பா கரிச்சுது.

“ம்.”

மறுநாளும் போனான். போகாம இருப்பானா? துணிக்காரன் அதே எடத்துல, அதே மாதிரி சத்தமில்லாம. முன்னாடி போனான். “இனி ஒங்க முறை”ன்னான். தங்கதுரைக்கு மனசுக்குள்ள திக்குன்னு இருந்துச்சு. ஆனா அந்தச் சொகம் இருக்கே, அது விடல. “இன்னும் கொஞ்சம் தூரம் நீங்களே போங்க”ன்னான். “அப்ப ரெண்டாவது முறையும் என்னுது”ன்னான் அவன்.

வீட்டுக்கு வந்தா ஷைனியைக் காணோம். ஜெபக்கனி காய் நறுக்கிக்கிட்டே, “நீங்கதானே நம்ம ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனீங்க?”ன்னா. தங்கதுரை ஓட்டமா பள்ளிக்கூடத்துக்குப் போயி சன்னல் வழியா எட்டிப் பாத்தான். புள்ள பத்திரமா உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கு. அப்பாடான்னு வந்துட்டான்.

சாயங்காலம் ஷைனி அவன்கிட்ட வந்து, ரகசியமா கேட்டா. “அப்பா, இன்னைக்கு ஏன் நீ பேசவே இல்ல?”

“எப்போம்மா?”

“ஸ்கூட்டர்ல. நான் ஒன் இடுப்பைக் கட்டிப் புடிச்சேன். உள்ள நீ இல்லப்பா. சட்டைக்குள்ள காத்துதான் இருந்துச்சு.”

கிட்ட வாட்டி. கையைக் குடு. நான் இங்கனதான் இருக்கேன்.

“ம்.”

அன்னைக்கு அவனுக்குச் சோறு எறங்கல. பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்கணும். என்னன்னு சொல்லுவான்? என் முறையை எவனுக்கோ தாரை வாத்துட்டேன்னா? அவனுக்குச் சொல்ல பயம், சொல்லாம இருக்கவும் பயம். மறுநாள் ஷைனிக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ஒடம்பு அனலா கொதிக்குது. ராத்திரி பூரா ஜெபக்கனி கண்ணு மூடல. விடியும்போது சொன்னா, “மருந்துக்கடை தொறந்ததும் நான் போயி மருந்து வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள வந்துருங்க. புள்ளையைத் தனியா விட முடியாது.” அவன் புதுசா மாட்டுன செயினைத் தொட்டுப் பாத்துக்கிட்டே... ஆமா, அதேதான் சொன்னான். இந்த மனுசனை என்ன பண்றது, நீயே சொல்லு.

ஒரே ஒரு சுத்து போயிட்டு ஓடி வந்துரலாம்னு நெனச்சான். உப்பளத்து ரோட்டுக்குப் போனாத்தானே அவன் வருவான், நாம வேற ரோட்டுல போவோம்னு கடக்கரைப் பக்கமா திருப்புனான். கொஞ்ச தூரம் யாரும் இல்ல. பாட்டு கூட முணுமுணுத்தான். அப்போ பிடரியில சில்லுன்னுச்சு.

துணிக்காரன் பக்கத்துல வந்தான். மொத தடவையா மூஞ்சித் துணியை எறக்குனான். ஏட்டி, அது தங்கதுரை மூஞ்சி. மூக்கு, மீசை, கன்னத்து மச்சம், அப்படியே அச்சு அசல்.

“மூணாவது முறைக்கு நான் போறேன். மூணு முறை எடுத்துட்டா அந்த எடம் எனக்குத்தான். நீங்க காத்தாட ஓட்டிக்கிட்டே இருங்க, யாரும் தேடமாட்டாங்க”ன்னு சொல்லிட்டு ஊர்ப்பக்கம் திரும்பிப் போயிட்டான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்.

“அத்தை, அவன் ஷைனியை என்ன செய்வான்?”

கேளு, சொல்றேன். தங்கதுரை வண்டியை ஒடிச்சுத் திருப்புனான். மிதிச்சான் மிதிச்சான், அப்படி மிதிச்சான். அப்போ, டப், புஸ்ஸ்ஸ். பின் சக்கரம் பஞ்சர். சக்கரத்தைக் கழட்டி, டியூப்பை உருவி, காத்தடிச்சு, பக்கத்துல கெடந்த உப்புத்தண்ணியில முக்குனான். குபுகுபுன்னு குமிழு வந்துச்சு. அந்த ஓட்டையை வெரலால அமுக்கி, உப்புத்தாளால தேச்சு, சொலூஷன் பசை தடவி, ரப்பர் ஒட்டை வச்சான். ஈரத்துல ஒட்டு வழுக்கிருச்சு. மறுபடியும் தேச்சு வச்சான், அதுவும் பிச்சுக்கிச்சு. எத்தனை சக்கரம் கழட்டி மாட்டுனவன், இன்னைக்குக் கை வரமாட்டேங்குது. மூணாவது ஒட்டை நெஞ்சோட வச்சு அமுக்கி, “ஷைனி, ஷைனி”ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தான். அது புடிச்சுக்கிச்சு.

திரும்பி வரும்போது எதிர்காத்து. முன்னாடி போக ஒருத்தரும் இல்ல. மூச்சு முட்டி, நெஞ்சு அடைச்சு, கண்ணுல தண்ணி கொட்டுது. அப்பதான் அவனுக்கு ஒறைச்சுது. வீட்ல இத்தனை நாளா காத்தை நெஞ்சுல வாங்குனவ ஜெபக்கனி. அவ முதுகுக்குப் பின்னாடியே இவன் சொகமா வந்திருக்கான், ஒரு நாளும் முறையை எடுக்காம. வெக்கமா இருந்துச்சு. அதைவிட பயம் பெருசா இருந்துச்சு.

“ம்.”

வாசல்ல சைக்கிளைப் போட்டுட்டு உள்ள ஓடுனான். ஜெபக்கனி மருந்தோட அப்பதான் வந்து நிக்கிறா. உள்ள கட்டில்ல புள்ள. புள்ள பக்கத்துல அவன். தங்கதுரையோட கைலி, தங்கதுரையோட சட்டை. ஈரத்துணியைப் புள்ள நெத்தியில வச்சிருக்கான். அனலா கொதிச்ச ஒடம்பு இப்போ ஐஸா சில்லிட்டுப் போச்சு, ஒதடு நீலம் பாரிச்சிருக்கு. ஷைனி கண்ணு மட்டும் தொறந்திருக்கு, பேச்சு வரல.

ஜெபக்கனி இவனைப் பாக்குறா, அவனைப் பாக்குறா. கையில இருந்த மருந்து கீழ விழுந்துருச்சு.

கட்டில்ல இருக்கிறவன் மெதுவா, தேன் சொட்டுற மாதிரி சொன்னான். “வாசல்ல நிக்கிறது யாருன்னு தெரியல ஜெபா. கதவைச் சாத்து. நான் இனிமே எங்கயும் போகமாட்டேன். தண்ணி புடிக்கிறேன், புள்ளையை விடறேன், சொன்னதெல்லாம் செய்றேன்.”

எந்தப் பொம்பளைக்குத்தான் அந்தப் பேச்சு இனிக்காது? வாசல்ல நிக்கிறவனைப் பாத்தா, கையெல்லாம் செயின் கறுப்பு, வேர்வை, வாயில வார்த்தை வரல, மூச்சுதான் வருது.

ஆனா ஜெபக்கனிக்குப் புத்தி தடுமாறல. “நான் ஒண்ணு கேக்கணும். ரெண்டு பேரும் சொல்லுங்க. அந்தச் சைக்கிளை இன்னைக்கே வித்துரலாமா?”

கட்டில்ல இருந்தவன் கண்ணைக் கூட சிமிட்டல. “வித்துரு. அது எனக்கு எதுக்கு?”

வாசல்ல இருந்தவன் புள்ளையைப் பாத்தான். “வித்துரு ஜெபா. இப்பவே வித்துரு”ன்னான். அப்புறம் மெதுவா, தரையைப் பாத்துக்கிட்டே, “ஆனா நேத்துதான் புதுச் செயின் போட்டேன். அடிமாட்டு வெலைக்குக் குடுத்துராத”ன்னான்.

ஜெபக்கனி ஒரே தாவா தாவி அவன் கறுப்புக் கையைப் புடிச்சுக்கிட்டா. “இதுதான் என் வீட்டுக்காரரு”ன்னா. சொல்லும்போதே அழுகை, சொல்லும்போதே சிரிப்பு. அப்புறம் கட்டிலைப் பாத்து, “எழுந்திரு. அது அவரு ஒக்கார்ற எடம்”னா.

அவ்வளவுதான். கட்டில்ல இருந்தவன் மூஞ்சி ஒரு தடவை நெளிஞ்சுது. சட்டை அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. உள்ள ஆள் இல்ல. கழுத்து வழியா, கை வழியா வெள்ளையா உப்பு கொட்டுச்சு, சர்ர்ர்ருன்னு. ஷைனி வாயைத் தொறந்து ஓன்னு அழுதா. புள்ள அழுதது அவங்களுக்குக் கோயில் மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு.

“சைக்கிளை வித்துட்டாங்களா அத்தை?”

விக்கல. ஜெபக்கனியே வேணாம்னுட்டா. சக்கரை மறுபடி எட்டிப் பாத்தா என்ன பண்றது? இப்பவும் போறான், வாரத்துல கொஞ்ச நாளு, பாலத்தோட திரும்பிருவான். செயினை ஊறப் போடத் தனியா ஒரு டப்பா வச்சிருக்கான். அன்னைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் திரும்புனப்போ ஈரத்துணியைத் தங்கதுரைதான் போட்டான். பாதித் தண்ணி புள்ள காதுக்குள்ள போச்சு, “அப்பா, குளுருது, சரியாப் புழிப்பா”ன்னு ஷைனி ஏசுனா. ஜெபக்கனி செவத்துல சாஞ்சு உக்காந்தா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் பகல்லயே தூங்கிட்டா.

கதை இவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு, தாழ்ப்பாள் போட்டாச்சு, வீட்ல எல்லாரும் உள்ளதான் இருக்கோம். நீ தூங்கு.