லண்டன் சங்கரபாகமும் காற்றாடி நாற்காலியும்

சங்கரன்கோவிலில் கோமதிநாயகத்தின் சலூனில், காற்றாடிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. வெளிநாடு பார்த்தவருக்குத்தான் அது என்று ஒரு வழக்கம். ஒரே ஒரு வாரம் சிங்கப்பூர் போய்வந்த புண்ணியத்தில் பேச்சிமுத்து அதைப் பல வருடம் கால்மேல் கால் போட்டு ஆண்டார். இப்போது அதில் சங்கரபாகம். மகள் பேறுகாலத்துக்கு மனைவியோடு லண்டன் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பியவர். பேச்சிமுத்துவுக்கு வாசலோரத்து பெஞ்சுதான் மிச்சம். மேலெல்லாம் வியர்வை, வயிறெல்லாம் எரிச்சல்.

"பிள்ளை சோலியெல்லாம் வீட்டுக்காரி பாத்துக்கிட்டா. நமக்கு ஊர் சுத்துறதுதான் வேலை," என்று ஆரம்பித்தார் சங்கரபாகம். "மொத நாளே பிக் பென். பெரிய மணிக்கூண்டு. நிமுந்து பாத்தா, நம்மூரு நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பிந்தி ஓடுது! விடுவேனா? ஒரு சத்தம் போட்டேன். நாலு பேரு ஏறி முள்ளைத் தள்ளி வச்சுட்டு, 'மன்னிச்சிருங்க அண்ணாச்சி'ன்னான்."

"தமிழ்லயா சொன்னான்?" என்றார் பேச்சிமுத்து.

"பின்ன? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

சலூனே சிரித்தது. முகத்தில் பாதி சோப்போடு இருந்தவர்கூடச் சிரித்தார். காற்றாடி தனக்கு மட்டும் காற்றை மறைக்கிறது என்றே பேச்சிமுத்துவுக்குத் தோன்றியது.

"தேம்ஸ் ஆத்துல படகுல போறேன். தலையில மாவடு ஊறுகாப் பரணி. டவர் பிரிட்ஜ் இடிக்கி. 'பரணியை இறக்குங்க'ன்னான். 'பாலத்தை ஏத்துலே'ன்னேன். ரெண்டாப் பொளந்து தூக்கிட்டான்!"

"அதை நூறு வருசமா தூக்கிட்டுத்தான வே இருக்கான்?" என்றார் பேச்சிமுத்து.

"நூறு வருசமா ஒத்திகை பாத்திருக்கான் வே."

மறுபடியும் சிரிப்பு. சங்கரபாகத்தின் முழங்கால் மட்டும் பேச்சுக்குச் சம்பந்தமில்லாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருந்தது. பேச்சிமுத்து அதைக் கவனித்தார்.

"ஸ்டோன்ஹெஞ்சுன்னு ஒரு இடம். பொட்டக்காட்டுல பெரிய பெரிய கல்லு வட்டமா நிக்கி. சாஞ்சதுல ஒண்ணைத் தோள் கொடுத்து நிமித்தி, கொடி கட்டி, துணி காயப்போட்டேன். காடு முழுக்கத் துணி!"

"அம்புட்டுத் துணி உமக்கு ஏது வே?"

சங்கரபாகம் கொஞ்சம் திக்கினார். "அங்க... குளிருல்லா?" என்று சமாளித்துவிட்டு ஸ்காட்லாந்துக்கே தாவிவிட்டார். "லாக் நெஸ் ஏரிக்குள்ள ஒரு பூதம். யாருக்கும் தலை காட்டாதாம். கரையில உக்காந்து கருவாட்டுக் குழம்பைத் தொறந்தேன். வந்துட்டு! தூக்குவாளி காலி. அப்புறம் தோள்ல சாச்சு, முதுகைத் தட்டி, ஏப்பம் வர வச்சு, தூங்கப் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

"பூதத்தையா?"

"ஏப்பம் வராம படுக்கப்போட்டா கக்கிருமே வே!"

அவர் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்குப் போய்விட்டார். "அங்க ஒரு சிப்பாய், உசரமாக் கம்பளித் தொப்பி, சிரிக்கவே மாட்டான். நான் கிட்டப் போயி..."

சலூனுக்குப் பின்னால்தான் கோமதிநாயகத்தின் வீடு. திரைக்கு அந்தப் பக்கம் தொட்டிலில் கிடந்த பேத்தி வீறிட்டாள்.

சிப்பாயை அப்படியே நிற்கவிட்டுச் சங்கரபாகம் எழுந்தார். திரையை ஒதுக்கினார். ஒரு கை தொட்டில் கயிற்றைப் பிடித்தது, ஒரு கை அடித்துணியைத் தடவியது. "நனையல தாயி, வயித்து உப்புசம். ஓமத்தண்ணி இருந்தா கொண்டாங்க... ரோ... ரோ..." ராகம் கூடப் பிசகவில்லை.

கத்திரிக்கோல் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். பேச்சிமுத்து மட்டும் நேரத்தை வீணாக்கவில்லை.

குழந்தை அடங்கியதும் சங்கரபாகம் கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்தார். காற்றாடிக்குக் கீழே பேச்சிமுத்து கால்மேல் கால் போட்டிருந்தார்.

"இந்தப் படிப்பை லண்டன்ல எந்தக் கோட்டையில வே படிச்சீரு?"

"அரண்மனையிலதான்! அந்தத் தொப்பிக்காரன் பிள்ளை அழுதுதுன்னு..." என்று வேகமாகக் கையை எடுத்தார். குழந்தை சிணுங்கியது. கை தானாகக் கயிற்றுக்குப் போயிற்று.

"ஆட்டுறதை நிறுத்தாதேயும் வே," என்றார் பேச்சிமுத்து, காற்றுக்குச் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு. "பூதம் முழிச்சிரும்."