பேய்ப்பீர்க்கு மாப்பிள்ளை

ஒரு ஊர்ல ஒரு பீர்க்கம்பந்தல் இருந்துச்சாம். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, அப்பன் போட்டுக் குடுத்த பந்தல். அக்கா வேலாத்தாவுக்கும் தம்பி சென்னியப்பனுக்கும் அது பொது. தம்பி தண்ணி கட்டுவான், அக்கா கொடியப் பாத்துக்குவா. காய்ன்னா காய், ஒவ்வொண்ணும் கை நீளத்துக்குத் தொங்கும். ம் கொட்டு கண்ணு, அப்பத்தான் கதை நடக்கும்.

“ம்.”

அந்த ஊர்ல ஒரு வழக்கம். வருசா வருசம் எந்தக் காய் ரொம்ப நீளமோ, அதக் கொடியிலயே முத்த விட்டு, குலுக்குனா கலகலன்னு சத்தம் வரும்போது உடைச்சு, அந்த ஒரே காயோட விதைய ஊருக்கே பங்கு வெப்பாங்க. பத்து வருசமா வேலாத்தா காய்தான் அது. அதுல அவளுக்கு ஒரு மிதப்புகூட உண்டு. ஆனா என்னாச்சு, ஊர்ல இருந்த கொடி பூராவும் ஒரு வயித்துப் பிள்ளைங்களா ஆயிப்போச்சு. எல்லாத்துக்கும் ஒரே பலம், எல்லாத்துக்கும் ஒரே பலவீனம்.

அப்புறம் ஒரு ஆடிப்பட்டத்துல இலை மேல வெள்ளையா சாம்பல் பூத்துச்சு. தொட்டா மாவாட்டம் கையில ஒட்டும். ஒரே வாரம்! இலையெல்லாம் சரசரன்னு காஞ்சு, பொலபொலன்னு கொட்டி, ஊர்ப் பந்தல்ல வெறும் கம்பிதான் மிச்சம்.

சென்னியப்பன் சொன்னான், “போதும்க்கா. திராட்சை ஏத்திரலாம்.”

“அப்ப நம்ம பீர்க்கு?”

“அதான் செத்துப்போச்சே!”

“எனக்கு மூணு பட்டம் குடு. இதையும் சேத்து மூணு.”

“சரி. மூணாவது பட்டத்துல நல்ல காய் என் கண்ணுல படல, திராட்சைக் குச்சியோட வந்து நிப்பேன். அப்புறம் அழப்புடாது.”

அப்போ வேலாத்தா ஊரைச் சுத்திச் சுத்திப் பாத்தா. எங்கயும் காய்ஞ்ச கொடி. வேலியோரத்துல மட்டும் ஒண்ணு பச்சப்பசேல்னு படந்து கெடந்துச்சு. எது? பேய்ப்பீர்க்கு! காய் கோழிமுட்டை அளவுதான், நாக்குல வெச்சா உச்சி வரைக்கும் கசக்கும். ஆனா இலையில ஒரு பொட்டு சாம்பல் இல்ல.

“இவனும் பீர்க்குதான். நம்ம கொடிக்குச் சொந்தக்காரன். இவனே மாப்பிள்ளை”ன்னுட்டா.

ஊரே சிரிச்சுது. “ஏ வேலாத்தா, கல்யாணத்துக்கு என்ன விருந்து?”

“கசாயம்! மொத டம்ளர் உனக்குத்தான், வந்துரு.”

“ம்... பூவுக்குக் கல்யாணமா?”

ஆமா. பீர்க்கம்பூ சாயங்காலந்தான் விரியும். அவ பந்தல்ல கெணத்தோரம் ஒரே ஒரு கொடியில கொஞ்சம் உசுரு ஒட்டிட்டு இருந்துச்சு. அதுல அடியில குட்டிக்காய் வெச்சிருக்கே, அது பொண்ணு மொட்டு. பூச்சி முந்திக்கக் கூடாதுன்னு மதியமே அத நூலால கட்டி வெச்சா. வேலியில ஆண்மொட்டையும் கட்டினா. சாயங்காலம் நூலை அவுத்து, ஆண்பூவக் கிள்ளிட்டு வந்து, அதுல இருக்கிற மகரந்தத்தூளைப் பொண்ணுப்பூ மேல மெதுவாத் தடவி, மறுபடி கட்டு! மொதப் பூ சொத்துன்னு உதிந்துச்சு. ரெண்டாவது பூ கருகிப்போச்சு. மூணாவது பூ பிடிச்சுக்கிச்சு. காய் இறங்குது, கொடி காயுது. இது முந்துமா, அது முந்துமா? வேலாத்தா குடங்குடமா ஊத்தினா.

“கொடி செத்துருச்சா?”

செத்துருச்சு கண்ணு. ஆனா காய் முத்துனதுக்கு அப்புறம்.

தைப்பட்டம் வந்துச்சு, அந்த விதையப் போட்டா. கொடி கிடுகிடுன்னு ஏறுச்சு, சாம்பல் கிட்டயே வரல. காயும் நடுத்தரமா நல்லாத்தான் தொங்குச்சு. சென்னியப்பன் ஆசையா ஒண்ணைப் பறிச்சுக் கடிச்சான்.

“தூ! தூ! த்தூ! அக்கா, அத்தனையும் உன் மாப்பிள்ளையத்தான் உரிச்சு வெச்சிருக்கு. இனி இந்தக் காய நான் வாயில வெக்க மாட்டேன், சத்தியம்!”

வேலாத்தா அசரல. “நம்மப்பனுக்குப் பூனைக்கண்ணு. உனக்கு வந்துச்சா?”

“இல்ல.”

“எனக்கு?”

“இல்ல.”

“உன் மவளுக்கு மட்டும் எங்கிருந்துடா வந்துச்சு? உள்ள ஒளிஞ்சிருந்துதான வந்துச்சு? இதுக்குள்ளயும் நம்ம காய் ருசி ஒளிஞ்சிருக்கும். பேரன் பேத்தி வரட்டும்.”

அந்தக் கொடிங்களுக்குள்ளயே திரும்ப நூல் கட்டிக் கல்யாணம் பண்ணி, விதை எடுத்து, ஆடியில நாப்பது குழி போட்டா. அப்புறம் பாக்கணுமே வேடிக்கைய! ஒண்ணப் போல ஒண்ணு இல்ல. ஒண்ணு நீளம், ஒண்ணு குண்டு, ஒண்ணு வளைஞ்சு நாய்வாலாட்டம். சாம்பல் வந்துச்சு, பன்னெண்டு கொடி படுத்துருச்சு. இருபத்தெட்டு நின்னுச்சு.

வேலாத்தா கத்திய எடுத்தா. நறுக், நாக்குல வெப்பா, தூ! நறுக், தூ! இருபத்தெட்டும் கசப்பு. வாய் மாத்த ஒரு துண்டு வெல்லத்தப் போட்டா. வெல்லமும் கசந்துச்சு!

“அட, காய் இல்ல, என் வாய்தான் கசக்குது!”

அப்போ சென்னியப்பன் திராட்சைக் குச்சிக் கட்டோட வந்து நின்னான். “என்னக்கா, பந்தலக் காலி பண்ணலாமா?”

“டேய், உன் வாயக் குடு.”

“சத்தியம் பண்ணிருக்கேன்!”

“அது போன பட்டத்துக் காய்க்கு. இது அதோட பிள்ளைங்க.”

திட்டிக்கிட்டே வாங்கினான். நீளமாக் காய்ச்ச கொடி மூணுல இருந்து அக்கா மூணு துண்டு குடுத்தா. மொதத் துண்டு, தூ! மோர் குடிச்சுக் கொப்பளிச்சான். ரெண்டாவது துண்டு, த்தூ! மறுபடி மோர். மூணாவது துண்டு.

நறுக்.

தூ வரல.

நறுக், நறுக். அவன் வாயவே பாத்துக்கிட்டு வேலாத்தா நிக்கிறா.

“என்னடா? சொல்லித் தொலை!”

சென்னியப்பன் வாயத் தொடச்சுக்கிட்டான். “இன்னொரு துண்டு இருக்காக்கா?”

மறுநாள் மிச்சக் கொடியையும் அவனே ருசி பாத்தான். இன்னும் அஞ்சு கசக்கல. அந்த வருசம் விதைப் பங்கு வெக்கையில எல்லாரும் நீளக் காயக் கேட்டாங்க. வேலாத்தா அத மட்டும் தரல. ஆறு கொடி விதையையும் தனித்தனியா முடிஞ்சு, “ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு முடிச்சு. குட்டை, வளைசல், எதையும் விட்டுராதீங்க. அடுத்த நோய்க்கு எது நிக்கும்னு யாரு கண்டா?”ன்னா.

திராட்சைக் குச்சியா? அத சென்னியப்பன் வேலியோரமாக் கொண்டுபோய் ஊணி, பேய்ப்பீர்க்கு மாப்பிள்ளை படந்து ஏற முட்டுக் குடுத்தான்.

கண்ணு? ம் சத்தத்தக் காணோமே. சரி, கொடி பந்தல் ஏறிருச்சு, கதை கீழ எறங்கிருச்சு. தூங்கு.