நவநாளின் பத்தாம் நாள்

ஒன்பது நாள் நவநாள் செபித்தும் மாதா ஒரு பதிலும் சொல்லவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும், சிஸ்டர் ரெஜிஸ் பொறுக்கமாட்டாமல் மதர் ஜெர்த்ரூத்தின் அறைக்கு ஓடிவந்தாள். மதர்தான் அந்த மடத்துக்குத் தலைவி. ரெஜிஸ் மடத்தின் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள்.

"மதர், நம்ம தமிழ் வாத்தியார் மிக்கேல் சார் இருக்காரே. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒன்பதாம் வகுப்பு பெனிட்டாவை உள்ளே வச்சுக் கதவைச் சாத்திக்கிறார். வெளியே வரும்போது அவ கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"எத்தனை நாளா?"

"இன்னைக்குப் பத்தாவது நாள்."

"நீ என்ன செய்தே?"

"தப்பா இருந்தா பிள்ளையோட வாழ்க்கையே போச்சு. தப்பில்லேன்னா நல்ல மனுஷன் மேல வீண்பழி. உண்மையைக் காட்டச் சொல்லி மாதாகிட்ட நவநாள் சொன்னேன். தாளாளர் ஃபாதருக்கு ரெண்டு கடிதம் எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு, சாரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி. இன்னொண்ணு, சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேட்டு."

"உன் வகுப்பு எங்கே இருக்கு?"

"அடுத்த ரூம்தான், மதர்."

மதருக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்!

"ஒன்பது நாளா நீ கோயில்ல முழங்கால் போட்டிருக்கே. ஒன்பது நாளா அந்தப் பிள்ளை உள்ளே இருந்திருக்கு. வா என்கூட."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். அறை வாசலில் நிறுத்தினார்.

"தட்டு."

"என்ன சொல்லித் தட்டுறது, மதர்?"

"சாக்பீஸ் கேளு."

ரெஜிஸ் தட்டினாள்.

பெனிட்டாதான் திறந்தாள். கையில் ஒரு தாள். மிக்கேல் சார் அந்தக் கோடியில், கடைசி பெஞ்சில், பூசைக்கு வந்தவர் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"நா... நான்தான் சிஸ்டர் சா... சாத்தச் சொன்னேன்" என்றாள் பெண். "திருவிழாப் பூசையில மு... முதல் வாசகம் நான் வாசிக்கணும். திக்கினா பிள்ளைங்க எட்டிப் பார்த்துச் சி... சிரிக்கிறாங்க. எனக்கு அழுகை வருது."

"இன்னைக்கு நாலு வரி திக்காம வந்திருச்சு, மதர்" என்றார் சார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மதர் அந்த நாலு வரியையும் நின்று கேட்டார். மூன்று வரி திக்காமல் வந்தது. அதுவே போதும் என்று கைதட்டினார்.

"சேசுவே, ஸ்தோத்திரம்!" வராந்தாவுக்கு வந்ததும் ரெஜிஸ் சிரித்தாள், அழுதாள், இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போட்டாள். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

"எப்பேர்ப்பட்ட மனுஷன், மதர்! இனிமே அவர் கதவைச் சாத்தினா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"நாளைக்கும் தட்டு" என்றார் மதர்.