பஞ்சாரத்துக்குள் உட்கார்ந்த பாவாயி

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. காலையில் மனதில் தோன்றியதைக் கட்டளையாகப் போடுவான், மாலையில் மறந்துவிடுவான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் மற்றவர்கள்.

அந்த ராஜாவுக்குக் கப்பல் வணிகர்கள் இருபது கோழிக்குஞ்சுகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். வெள்ளை நிறம், கால் முழுக்க இறகு. மடைப்பள்ளிக்குப் பக்கத்து அறையில், அடுப்புச் சூட்டில் வைத்து அவற்றை வளர்த்தவள் பாவாயி. அரண்மனைக் கோழிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

ஒன்றரை மாதத்தில் குஞ்சுகளுக்கு உடம்பெல்லாம் இறகு மூடியது. "இனிமேல் சூடு வேண்டாம், மகாராஜா. வெளியே கொண்டுபோகலாம். ஆனால் பெரிய கோழிகளோடு சேர்க்கப் பத்து நாளாகும்" என்றாள் பாவாயி.

"கோழிக்கெல்லாம் நாள் பார்க்கிறாளே!" என்று பாய்ந்தார் தாண்டவராயர். அரண்மனைப் பறவைகளுக்கு அவர்தான் மேலதிகாரி. ஒரு பறவையையும் கையால் தொட்டதில்லை. ராஜா பாவாயியிடம் யோசனை கேட்பது அவருக்கு வயிற்றெரிச்சல். "இப்போதே நான் சேர்த்துக் காட்டுகிறேன்" என்று ஐந்து குஞ்சுகளைக் கூடையோடு கோழிக் கொட்டகை முற்றத்தில் கவிழ்த்துவிட்டார்.

பெரிய கோழிகள் சும்மா இருக்குமா? கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்து உச்சந்தலையிலேயே கொத்தின. பாவாயி ஓடிவந்து ஐந்தையும் மடியில் அள்ளிக்கொண்டதால் உயிர் பிழைத்தன.

"இவள் செல்லம் கொடுத்துக் கோழிகளைக் கெடுத்து வைத்திருக்கிறாள், மகாராஜா" என்றார் தாண்டவராயர், வேட்டியை உதறிக்கொண்டே.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக் காலைக்குள் குஞ்சும் கோழியும் ஒன்றாக மேய வேண்டும். இல்லையென்றால் பாவாயி நாட்டை விட்டே போக வேண்டும்!"

கவிழ்த்தவர் ராயர், கொத்தியது கோழி, நாட்டை விட்டுப் போவது பாவாயியா? இது என்ன நியாயம் என்று கேட்க ராஜாவின் சபையில் ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் பாவாயியே கேட்கப் போனாள்.

அவள் சபைக்குள் கால் வைத்ததுதான் தாமதம். "என்னய்யா இது, கோழி நாற்றம்!" என்றார் ஒருவர். "அங்கே நிற்காதே, அது என் இடம்" என்றார் இன்னொருவர். "தவிடு வேண்டுமானால் கொல்லைப்பக்கம் வா அம்மா" என்றார் தாண்டவராயர். சபையே சிரித்தது.

பாவாயி அசரவில்லை. "மகாராஜா, நான் வந்து வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எத்தனை கொத்து, பார்த்தீர்களா? படித்த பெரியவர்களே புதுமுகத்தைக் கண்டால் இப்படிக் கொத்தும்போது, கோழியை எப்படிக் குற்றம் சொல்வது?"

சிரிப்பு நின்றது. ராஜாவின் மீசை மட்டும் துடித்தது. "சரி, என்ன செய்யலாம் என்கிறாய்?"

"குஞ்சுகளைக் கொட்டகை முற்றத்திலேயே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடுகிறேன். மூங்கில் இடுக்கு வழியாகக் கோழிகள் பார்க்கலாம், கொத்த முடியாது. அதேபோல இன்னொரு பெரிய பஞ்சாரம் முடையச் சொல்லுங்கள். தினமும் காலையில் அதற்குள் நான் இந்தச் சபை நடுவில் உட்காருகிறேன். பத்தாம் நாள் இரண்டு பஞ்சாரத்தையும் தூக்குவோம். அப்போதும் கொத்து ஓயவில்லை என்றால் நானே எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறேன்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். "ஆகட்டும்!" என்றான்.

முதல் நாள் தாண்டவராயர் பஞ்சாரத்தைத் தட்டித் தட்டிக் கேலி பேசினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளும் அதே கேலி. பாதிப் பேர்தான் சிரித்தார்கள். நான்காம் நாள் கேலியைத் தொடங்கிய ராயருக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆறாம் நாள் ஏரி மதகில் நீர் கசிவதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். "களிமண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்து அடையுங்கள்" என்று பஞ்சாரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதுவும் சரிதான், அடுத்த விஷயம்?" என்றார் அமைச்சர். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் சபை கலைந்ததும் பாவாயி கொட்டகைக்கு ஓடுவாள். முதலில் மூங்கிலையே கொத்திக்கொண்டிருந்த கோழிகள் பிறகு பக்கத்தில் மண்ணைக் கிளறின. செம்பட்டைக் கிழக்கோழி ஒன்று பஞ்சாரத்தின்மேல் சாய்ந்தே தூங்கப் பழகிவிட்டது.

பத்தாம் நாள் வந்தது. ராஜாவோ வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டான். "தோட்டத்தில் மாமரம் வைக்கலாமா, பலா வைக்கலாமா?" என்று கேட்டான்.

தாண்டவராயர் தாடையைச் சொறிந்தபடி பஞ்சாரத்தின் பக்கம் சாய்ந்தார். "நீ என்ன சொல்கிறாய், பாவாயி?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ராஜா சிம்மாசனமே ஆடும்படி சிரித்தான். "தூக்குங்கள் பஞ்சாரத்தை!" பாவாயி காலை உதறிக்கொண்டு எழுந்தாள். ஒரு வாய்கூடக் கொத்தவில்லை.

எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள். பாவாயி நாலு மூலையிலும் தானியம் இறைத்தாள். குஞ்சுகள் மட்டும் நுழையும்படி சுவரோரம் பலகைகளைச் சாய்த்து வைத்தாள். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினாள். செம்பட்டைக் கோழி நடந்துவந்து ஒரு குஞ்சின் தலையில் 'டொக்' என்று ஒன்று வைத்தது. குஞ்சு பலகைக்கடியில் ஓடி ஒளிந்தது. கோழி துரத்தவில்லை, தானியம் பொறுக்கப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் குஞ்சும் வெளியே வந்து அதன் பக்கத்திலேயே பொறுக்கியது.

"கொத்திவிட்டதே!" என்று குதித்தார் தாண்டவராயர்.

"நான் மூத்தவள் என்று சொல்லிவைக்கிறது, ராயரே. ஒரே தடவை சொல்லி நிறுத்திக்கொண்டது, பாருங்கள்."

ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பாவாயிக்குப் போர்த்தினான். பறவைகளின் மேலதிகாரம் இனி அவளுக்கு, சபையில் ஓர் ஆசனமும் அவளுக்கு என்றான். "இன்னொன்றும் கேளுங்கள். இந்தச் சபைக்குப் புதிதாக யார் வந்தாலும் பத்து நாளைக்கு ஒருவரும் கேலி பேசக் கூடாது!"

தாண்டவராயரின் முகம் தொங்கிப்போனது. "கேலி பேசாமல் பத்து நாள் சபையில் உட்கார்ந்து நான் என்ன செய்வது, மகாராஜா?"

"கொத்தாத நேரத்தில் என் கோழிகள் முட்டையிடும், ராயரே" என்றாள் பாவாயி. "நீங்களும் ஏதாவது வேலை செய்து பாருங்களேன்!"