நாலாவது ஓடை

குதிரை காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

மூன்று ஓடை தாண்டியாகிவிட்டது. மூன்றிலும் மூக்கை நனைத்தது, தலையைத் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

மத்தியானம் குலசேகரன் இதை வாத்தியாரம்மாவிடம் போய்ச் சொன்னார். சொல்லப் பிடிக்கவில்லை. அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் போலீஸ் குதிரைப்படை. ஒரு குதிரைக்குத் தண்ணீர் காட்டத் தெரியவில்லை என்று ஒருவர் முன்னால் போய் நிற்பதா? நின்றார். வேறு வழியில்லை.

வாத்தியாரம்மா பெயர் பல்கீஸ். ஐம்பது வயது, குள்ளம். மேல்மலையில் குதிரை பழக்குகிறவர். மாதம் ஒருமுறை சில பேரைச் சேர்த்துக்கொண்டு காட்டுத் தடத்தில் ஒரு நாள் சவாரி போவார். அன்றைக்கு மொத்தம் ஏழு குதிரை. அவரிடம் கேள்வி கேட்கலாம். பதில் வரும் என்று நிச்சயம் கிடையாது.

"வாத்தியாரம்மா, பவுன் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

பல்கீஸ் தன் குதிரையின் வயிற்று வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"குடிக்கறப்ப பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான். எந்தத் தொந்தரவும் இல்ல."

"ம்."

வந்து பவுனின் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டார். விட்டதும் சமமாகிவிட வேண்டிய தோல், மடிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு ஓடை இருக்கு சார். அப்புறம் முகடு. மூணு மணி நேரம், சொட்டுத் தண்ணி கிடையாது."

"தெரியும்."

"காஞ்ச வயித்தோட வெயில்ல ஏத்தினா குடல் பிடிச்சுக்கும்."

"அதுவும் தெரியும்."

"எல்லாம் தெரியுது" என்று சொல்லிவிட்டு பல்கீஸ் போய்விட்டார்.

குடல் பிடித்துக்கொண்ட குதிரையைக் குலசேகரன் பார்த்திருக்கிறார். விடிகிற வரைக்கும் உருண்டது. விடிந்ததும் செத்தது. அது லாயத்தில், டாக்டர் பக்கத்திலேயே இருந்து. இங்கே டாக்டரும் இல்லை, ரோடும் இல்லை.

பவுனுக்கு வயது நாலு. செம்பட்டை நிறப் பெட்டைக் குதிரை. பழைய குதிரை துரை போன வருஷம் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷம் மனைவி. இந்த வயசில் நாலு வயசுக் குட்டி எதற்கு என்று மகன் போனில் கேட்டான். அவர் போனை வைத்துவிட்டார். வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லவா முடியும்?

துரை எங்கே விட்டாலும் குடிக்கும். இது அப்படியில்லை. ஏன் இல்லை என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

ஓடை வந்தால் மற்றவர்கள் சேணத்தில் உட்கார்ந்தபடியே குதிரையைக் குடிக்க விடுவார்கள். குலசேகரன் இறங்குவார். வாயிலிருந்து கடிவாள இரும்பைக் கழற்றுவார். படையில் பழகியது அது. இரும்போடு குடிக்கவிட்டால் அவருக்கே தொண்டை அடைக்கும்.

இறங்கினால் ஏற வேண்டும். அங்கேதான் வினை.

இடது முழங்கால், கால் வைத்து ஏறுகிற அங்கவடி உயரத்துக்கு மடங்காது. வீட்டில் கொல்லைப்பக்கம், சுவருக்கு உள்ளே, சிமெண்டில் ஒரு படி கட்டி வைத்திருக்கிறார். காட்டில் கல் தேட வேண்டும். கல் மேல் ஏறி, சேணத்தைக் கட்டிப்பிடித்து, வயிறு தரையைப் பார்க்க அரிசி மூட்டை மாதிரி விழுந்து, ஒரு நிமிஷம் அப்படியே கிடந்து, அப்புறம் காலை இழுத்துப் போட்டு நிமிர வேண்டும். அதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது.

அதனால் ஒவ்வொரு ஓடையிலும் அதே வாக்கியம்.

"நீங்க போங்க. நான் வர்றேன்."

போனார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த பையன்கள் நாலு பேர். பெரியவர் சொன்னால் போகிறவர்கள். முதல் இரண்டு ஓடையில், கூட வந்த பேக்கரிக்காரர் ஒருவரும் போய்விட்டார்.

மூன்றாவதில் அந்த மனிதர் போகவில்லை. குண்டு மட்டக்குதிரையில் வருகிறவர். விடியற்காலையிலிருந்து வாய் ஓயவில்லை. மைதா விற்கிற விலை, மருமகன் வாங்கின வண்டி, நாய்க்கு வந்த சொறி. யாராவது கேட்கிறார்களா என்ற கவலையே கிடையாது. இருக்கிறேன் அண்ணே, எனக்கென்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டு நின்றார். குலசேகரன் ஸ்டேஷன் குரலை எடுத்தார். ஒருமுறைதான். அந்த முகத்தில் சிரிப்பு அணைந்துபோயிற்று. மட்டக்குதிரை திரும்பி நடந்தது.

குளம்புச் சத்தம் தேய்ந்து நின்றது. கூழாங்கல்லின் மேல் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். பவுன் தடத்தைப் பார்த்துக் கனைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி கனைத்தது.

"குடிடி" என்றார் குலசேகரன்.

குடிக்கவில்லை.

இது காலைக் கதை. இனி மத்தியானம்.

புல்வெளியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பொட்டலம் பிரித்தார்கள். குலசேகரன் வழக்கம்போல் தள்ளிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார். விடியுமுன் எழுந்து தானே கிளறின புளிசாதம். ஒரு கவளம் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

பல்கீஸ் கையைத் தட்டினார். எல்லாரையும் ஏறச் சொன்னார்.

பையன்கள் முணுமுணுத்தார்கள். இப்போதுதானே உட்கார்ந்தோம், ஒரு வாய்கூட வைக்கவில்லை என்றார்கள். பல்கீஸ் காதில் வாங்கவில்லை. வார்கள் இறுகின. ஆறு குதிரையும் பாறையைக் கடந்து போயின.

"சார், நீங்க மெதுவா சாப்பிட்டு வாங்க. நாங்க போறோம்" என்றார் பல்கீஸ்.

குலசேகரன் கவளத்தைப் பார்த்தார். போகிற முதுகுகளைப் பார்த்தார். கவளத்தை இலையில் வைத்தார். பொட்டலத்தை மடித்து நூலைச் சுற்றினார்.

இருபது அடி போன பல்கீஸ் திரும்பி வந்தார்.

"ஏன் மடிச்சிட்டீங்க?"

"எல்லாரும் கிளம்பிட்டீங்க. எப்படிச் சோறு இறங்கும்?"

பல்கீஸ் குதிரையை விட்டு இறங்கினார். பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்து, தன் ரொட்டியை எடுத்து நிதானமாகக் கடித்தார்.

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு வெயில் ஏறிவிட்டது என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

குலசேகரன் எரிச்சலோடு நூலை அவிழ்த்தார். விளையாட்டா இது? வயசானவனை வைத்துக்கொண்டு.

பாதி அவிழ்த்த கை நின்றது.

மரத்தில் கட்டியிருந்த பவுன் அவர் பக்கம் பார்க்கவில்லை. இரண்டு காதும் அந்த ஆறு குதிரைகள் பக்கமே திரும்பியிருந்தன.

அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாலாவது ஓடை ஒரு மணி நேரத்தில் வந்தது. அகலமானது, முழங்கால் ஆழம். அக்கரையில் தடம் செங்குத்தாக ஏறி, மரமே இல்லாத முகட்டுக்குப் போனது. பவுன் வேர்க்கவில்லை. இந்த வெயிலில் குதிரை வேர்க்காமல் வந்தால் அது நல்ல அடையாளம் இல்லை. அவருக்குத் தெரியும்.

இறங்கினார். இரும்பைக் கழற்றினார். ஆறு குதிரையும் ஓடையில் இறங்கி வரிசையாகக் குடித்தன. பவுன் கழுத்தை நீட்டியது. மூக்கு தண்ணீரைத் தொட்டது. அதற்குள் முதல் குதிரை குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது. பவுனும் தூக்கிக்கொண்டது.

ஒரு பையன் அக்கரை ஏறியபடியே திரும்பி இவரைப் பார்த்தான். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"போகாதீங்க" என்றார் குலசேகரன்.

குரல் எழும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. படையில் யாரையும் இருக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்ததில்லை. உத்தரவு போட்டால் நிற்பார்கள். மனைவியிடமும் கேட்டதில்லை. கேட்கிற நேரம் வந்தபோது ஆஸ்பத்திரிக் கதவு சாத்தியிருந்தது.

பையன் கையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். குதிரைகள் நடந்தன.

"போகாதீங்க."

இந்த முறை கேட்டது. எல்லாரும் நின்றார்கள்.

உடம்புக்கு முடியவில்லையா என்று ஒருவன் கேட்டான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. குதிரை குடிக்கணும். நீங்க போயிட்டா இது குடிக்காது. நின்னீங்கன்னா, நான் கல்லு மேல ஏறி மூட்டை மாதிரி விழுந்து ஏறறதைப் பார்ப்பீங்க." மூச்சு வாங்கியது. "பாருங்க. பரவாயில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. பல்கீஸ் எல்லாருக்கும் முன்னால், முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

பவுன் அப்போதும் குடிக்கவில்லை.

அக்கரையில் நிற்கிற குதிரைகளையே பார்த்துக்கொண்டு உடம்பு விறைக்க நின்றது. நிற்கிற குதிரை எப்படியும் போய்விடும் என்று காலையிலிருந்து மூன்று தடவை பார்த்த குட்டி அது. இப்போது நம்பு என்றால் நம்புமா?

"வாத்தியாரம்மா."

"ம்."

"நின்னும் குடிக்கல."

"என்னை ஏன் கேக்கறீங்க?"

குலசேகரன் தண்ணீரில் நின்றார். கால் மரத்துப்போயிற்று. கையில் இரும்பு கனத்தது.

சளக் சளக்கென்று சத்தம் கேட்டது.

குண்டு மட்டக்குதிரை ஓடைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. பேக்கரிக்காரர் அதைப் பவுனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச நிறுத்தி, கடிவாளத்தைத் தொளதொளவென்று விட்டார். ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த குதிரை. கிடைத்ததை விடுகிற ஜாதி இல்லை அது. மறுபடி வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கியது.

"நானும் அப்படித்தாண்ணே" என்றார் பேக்கரிக்காரர், யாரோ பாதியில் விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி. "கடையில ரொட்டி டிரேயைக் கவுத்துப் போட்டு அது மேல நின்னாத்தான் ஏற வரும். மத்தியானம் வாத்தியாரம்மா ஏறு இறங்குன்னு விளையாடினாங்க பாருங்க, ரெண்டு தடவையும் இந்தப் பசங்க நாலு பேரும் சேர்ந்து தூக்கி வெச்சானுங்க. ஒருத்தனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

அக்கரையில் ஒருவன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

பேக்கரிக்காரர் விடவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். டிரே உடைந்த கதை, அதற்குச் சம்சாரம் போட்ட சத்தம். குலசேகரன் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பவுனின் காது ஒன்று இந்தப் பக்கம் திரும்பியது. கழுத்து தளர்ந்தது. மட்டக்குதிரையின் மூக்கை முகர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே தன் மூக்கை வைத்தது.

ஒரு மடக்கு. விழுங்கும்போது காது இரண்டும் அசைந்தன.

இன்னொரு மடக்கு.

ஒருவரும் அசையவில்லை. பேக்கரிக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். காதுகள் அசைந்துகொண்டே இருந்தன. குலசேகரன் முப்பது வரை எண்ணினார். அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு குதிரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"உங்க பேர் என்ன?"

"காலையிலயே சொன்னேனேண்ணே."

"நான் கேக்கல."

அந்த மனிதர் மட்டக்குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"சந்தியாகு."