படப்புப் பூனைக்குட்டியும் அத்தை மடியும்

கம்மாய் கம்மாயாத் தாண்டிப் போனா, கடைசிக் கம்மாய்க் கரையில ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நெல்லுக்குக் குறைச்சலில்லாத வீடு, வாய்க்கும் குறைச்சலில்ல. அவ வாயத் திறந்தா தெரு நாய் கூட வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிருமாம். ம் கொட்டுங்க, அப்பத்தான் எனக்குக் கதை வரும்.

அவளுக்கு வீரணன்னு ஒரே மகன். அவனுக்கு மலையடிவாரத்துல இருந்து அன்னக்கொடின்னு ஒரு பொண்ணைக் கட்டிட்டு வந்தாங்க. அன்னக்கொடிக்கு அப்பன் கிடையாது, கூடப்பிறந்தது கிடையாது, ஆத்தா மட்டுந்தான். அந்த ஆத்தாளை ஒத்தையில விட்டுட்டு வந்த பொண்ணு, வந்த நாள்ல இருந்து ஒருக்காக்கூடத் திரும்பிப் போகல. போக விட்டாத்தானே?

"அத்தை, ஆத்தாளைப் பாத்துட்டு வந்துரட்டுமா?"ன்னு கேட்டா, "களை எடுக்க உங்க ஆத்தாவா வருவா?"ன்னா ஒச்சாயி. களை எடுத்து முடிஞ்சதும் கேட்டா, "கதிர் அறுக்கணும்"ன்னா. அறுத்து முடிஞ்சதும் கேட்டா, "நெல்லு அவிக்கணும்"ன்னா. அன்னக்கொடி புருசன்கிட்டப் போய்க் கேட்டா. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அம்மாகிட்டக் கேளு"ன்னான். நல்லவன்தான், ஆனா தன் ஆத்தாளை எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

பொழுது சாயுறப்ப அன்னக்கொடி கொல்லைப்பக்கம் போய் நிப்பா. அங்க இருந்து பாத்தா அவ ஊரு மலை புகை மாதிரி தெரியும். அதைப் பாத்துக்கிட்டே நிப்பா, அது இருட்டுல கரைஞ்சு போனதும் உள்ள வந்து விளக்கேத்துவா.

அப்படி ஒருநா நிக்கிறப்ப, வைக்கப்படப்புக்குள்ள இருந்து "மீ… மீ…"ன்னு ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா, ஒரு பூனைக்குட்டி. ஒரு கைப்பிடிதான் இருக்கும், சாம்பல் நிறம். தாய்ப்பூனையை நாய் கடிச்சுக் கொன்னுபோட்டுருச்சு. குட்டி மனுச வாடையே அறியாதது. அன்னக்கொடி கையை நீட்டுனதும் உடம்பெல்லாம் முடியச் சிலிர்த்துக்கிட்டு "ஃபூ"ன்னு சீறுச்சு பாருங்க, புலி கூட அப்படிச் சீறாது.

"அத்தை, இதை வீட்டுல வச்சு வளக்கட்டுமா? நெல்லு கொட்டி வைக்கிற குதிர்ல எலி பெருத்துப் போச்சே"ன்னு கேட்டா.

அந்நேரம் தெருப் பொம்பளைங்க நாலு பேரு உரல்ல மாவிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒச்சாயி அவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சிரிச்சா. "படப்புல பிறந்ததாவது வீட்டுக்குள்ள அடங்குறதாவது! சரிடி, வளத்துக்க. இது என்னைக்கு என் மடியில வந்து படுத்துத் தூங்குதோ, அன்னைக்கு நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போலாம். நானே வண்டி கட்டச் சொல்றேன்"ன்னா.

எல்லாரும் சிரிச்சாங்க. அன்னக்கொடி சிரிக்கல. "சரி அத்தை"ன்னா.

ஒரு பழைய துணியப் போட்டுக் குட்டியப் பிடிச்சா. பிடிக்கிறதுக்குள்ள கையெல்லாம் பிறாண்டி ரத்தம். நெல்லு அறைக்குள்ள கொண்டுபோய் விட்டு, கதவைச் சாத்துனா. அது ஒரே ஓட்டமா ஓடிக் குதிருக்குப் பின்னால புகுந்துக்கிச்சு. பால் வச்சா குடிக்கல, சோறு வச்சா திங்கல, மீ மீன்னு அம்மாளைத் தேடி ஒரே அழுகை.

அன்னக்கொடி கையை விட்டு இழுக்கல. கதவோரமா உக்காந்து சொன்னா, "அழு, நல்லா அழு. வந்த புதுசுல நானும் அந்தக் குதிருக்குப் பின்னாலதான் உக்காந்து அழுதேன். அந்த இடம் அழுகுறதுக்கு நல்ல இடம்."

அப்புறம் என்ன செஞ்சான்னா, தன்னோட பழைய சேலைத் துண்டைக் கூடையில மடிச்சுப் போட்டா, வாடை பழகட்டும்னு. மோர்ச்சோத்துல கருவாட்டைப் பொடிச்சுப் போட்டு வச்சுட்டு வெளிய வந்துருவா. ஆள் போனதும் குட்டி வந்து திங்கும். பெறகு கதவுகிட்டயே உக்காந்தா, தின்னுச்சு. பெறகு சோத்துக்குப் பக்கத்துலயே முதுகைக் காட்டி உக்காந்தா, அப்பவும் தின்னுச்சு. உக்காந்துக்கிட்டே அவ ஊருக் கதையெல்லாம் மெதுவாச் சொல்லுவா. மழை பெஞ்சா மலையில இருந்து ஓடை எப்படி இறங்கும், அவ ஆத்தா அடுப்புல பனங்கிழங்கு எப்படி வாசம் அடிக்கும்னு. குட்டி காதைத் திருப்பித் திருப்பிக் கேக்கும். இவ கண்ணை மெதுவா மூடித் திறந்தா, அதுவும் மெதுவா மூடித் திறக்கும்.

ஒச்சாயி சும்மா இருப்பாளா? குட்டி கிட்ட வர்ற நேரம் பாத்துப் பித்தளைக் குடத்தை உருட்டி விட்டா. குட்டி குதிருக்குப் பின்னால ஓடிருச்சு. அன்னக்கொடி முதல்ல இருந்து ஆரம்பிச்சா. மறுபடி கிட்ட வந்துச்சு, ஒச்சாயி கழனித்தண்ணிய வீசுனா. ஓடிருச்சு. அன்னக்கொடி முதல்ல இருந்து ஆரம்பிச்சா. மறுபடி கிட்ட வந்துச்சு, ஒச்சாயி தங்கு தங்குன்னு காலை மிதிச்சா. ஓடிருச்சு. அன்னக்கொடி என்ன செஞ்சா? ஆமா, முதல்ல இருந்து ஆரம்பிச்சா.

ஒருநா அவ முதுகுல குட்டியோட வாலு உரசுச்சு. அவ திரும்பல, மூச்சைக் கூடப் பிடிச்சுக்கிட்டா. அது சுத்தி வந்து, மடியில ஏறி, ரெண்டு காலாலயும் பிசைஞ்சுட்டு, குர்ர்ருன்னு படுத்துக்கிச்சு.

அதுக்கப்புறம் கதவைத் திறந்தே வச்சா. குட்டி படப்புக்கு ஓடும், வெயில்ல உருளும், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்துரும். அது வாசப்படி ஏறி வர்றதப் பாத்து அன்னக்கொடி சொல்லுவா, "உனக்குப் போகவும் வழியிருக்கு, வரவும் வழியிருக்கு. கொடுத்து வச்சவ நீ."

எலியெல்லாம் ஓடிப்போச்சு. ஆனா ஒச்சாயி நிழலைக் கண்டா குட்டியும் ஓடிப்போச்சு. எங்கிட்டு மடியில படுக்குறது?

அடை மழைக்காலம் வந்துச்சு. ஒச்சாயிக்குக் குளிர்காய்ச்சல். கத்தத் தெம்பில்ல, குடத்தை உருட்டத் தெம்பில்ல. கம்பளியப் போத்திக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. மகனும் மருமகளும் வயலுக்குப் போயிட்டாங்க. வீடு அமைதியா இருக்கு. குட்டி எட்டிப் பாத்துச்சு. காய்ச்சல் உடம்பு கதகதன்னு இருக்கவும், மெதுவா வந்து அவ மடியில ஏறிப் படுத்துக் கண்ணை மூடிருச்சு.

ஒச்சாயி தள்ளிவிடக் கையை ஓங்குனா. கை அப்படியே நின்னுச்சு. பூ மாதிரி ஒரு கனம், அதுக்குள்ள குட்டி நெஞ்சு துடிக்குது. ஓங்குன கை இறங்கி அது முதுகுல படிஞ்சிருச்சு. கொஞ்ச நேரம்தான். வாசல்ல மருமக காலடி கேட்டுச்சு. 'ஐயோ, இவ பாத்துட்டா ஊருக்குப் போயிருவாளே, யாரு ஆக்கிப் போடுவா?'ன்னு, தூங்குற குட்டியக் கொத்தாத் தூக்கிக் கொல்லைப்பக்கம் எறிஞ்சு, கதவைத் தாப்பாப் போட்டுட்டா, பாவி.

ஆளை நம்பித் தூங்குனதை எறிஞ்சா அது திரும்பி வருமா? முள்ளுக்காட்டுக்குள்ள போயிருச்சு.

அன்னக்கொடி தேடாத இடமில்ல. "அத்தை, குட்டியப் பாத்தீங்களா?"ன்னு கேட்டா, "காட்டுச் சாதி, காட்டுக்குப் போயிருச்சு"ன்னா ஒச்சாயி. அதுக்கப்புறம் அன்னக்கொடி பொழுது சாஞ்சா கொல்லைக்குப் போறதையும், மலையப் பாக்குறதையும் விட்டுட்டா.

இப்ப எலி வந்துச்சு பாருங்க. ஒச்சாயியோட வெத்தலைச் சுருக்குப் பையக் கடிச்சுச்சு. கல்யாணச் சேலையக் கடிச்சுச்சு. அசந்து தூங்குறப்ப அவ குதிகாலையே கடிச்சுச்சு. அது கூடப் போகட்டும். உக்காந்தா மடி வெறிச்சுன்னு இருக்கு. கம்பளிய மடிச்சு வச்சா, ஆகல. செங்கல்லைச் சுட்டுத் துணியில சுத்தி வச்சா, ஆகல. தலைகாணிய வச்சா, ஆகல. அந்தக் கனம் வேணும், அந்தத் துடிப்பு வேணும். யாருகிட்டச் சொல்லுவா?

படப்புகிட்டப் போய் நின்னு "பூசு, பூசு"ன்னு கூப்பிட்டா. ஊரு சிரிச்சுச்சு. குட்டி வரல. கடைசியில மருமககிட்டயே வந்து நின்னா.

"நீ எப்படிப் புள்ள அதை வரவச்ச?"

"கூப்பிடக் கூடாது அத்தை. சோத்தை வச்சுட்டு, முதுகைக் காட்டி உக்காந்து காத்திருக்கணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அது வர்ற வரைக்கும்."

"வரலைன்னா?"

அன்னக்கொடி சொன்னா, "வரலைன்னாலும் காத்திருக்கணும் அத்தை. எங்க ஆத்தா அப்படித்தான் இருக்கு."

மறுநா இருந்து ஒச்சாயி சோத்தைக் கொண்டுபோய்ப் படப்போரம் வச்சுட்டு, முதுகைக் காட்டி உக்காந்தா. வெயில் அடிச்சுச்சு, உக்காந்தா. தூறல் போட்டுச்சு, உக்காந்தா. தெருவே வந்து நின்னு சிரிச்சுச்சு, அப்பவும் உக்காந்தா. சும்மா உக்காந்தா மனசு சும்மா இருக்குமா? அவளும் ஒரு காலத்துல இந்த வீட்டுக்கு வந்த பொண்ணுதான். அவ மாமியாளும் ஆத்தா வீட்டுக்குப் போக விடல. அவ ஆத்தா செத்த சேதிதான் வந்துச்சு. அதுக்கு அன்னைக்கு அழாதவ, படப்போரம் உக்காந்து இப்ப அழுதா.

எத்தனையோ நாள் கழிச்சு ஒரு மத்தியானம், பின்னால சோறு நக்குற சத்தம். அவ திரும்பல. இன்னும் சில நாள் போச்சு. முதுகுல வாலு உரசுச்சு. அவ அசையல. அது மடியில ஏறுச்சு, பிசைஞ்சுச்சு, தூங்கிருச்சு.

கால் மரத்துப்போச்சு, வெயில் மூஞ்சிக்கு வந்துருச்சு, ஒச்சாயி அசைவேனான்னு உக்காந்திருக்கா. கொல்லைக்கு வந்த மகன் "என்னம்மா?"ன்னு கத்தவும், "சத்தம் போடாதடா, முழிச்சுக்கும்"னு குசுகுசுன்னா. நாய் வாலைச் சுருட்டுற தொண்டை அது, குசுகுசுங்குது! "வண்டியக் கட்டுடா. அன்னக்கொடிய அவ ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடு"ன்னா.

மருமக ஓடி வந்தா. ஒச்சாயி அவ முகத்தைப் பாக்கல, குட்டியவே பாத்துக்கிட்டு, "முந்தியே படுத்துச்சு புள்ள, காய்ச்சல் நேரத்துல. நாந்தான் தூக்கி எறிஞ்சேன்"ன்னா.

அன்னக்கொடி அவளைப் பாத்தா, குட்டியப் பாத்தா, உள்ள போய்த் துணி மூட்டையக் கட்டுனா.

அவ போய் இறங்குறப்ப ஆத்தாக்காரி வீட்டு முத்தத்துல புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா. ஓடி வரல. கனாவோன்னு பயம் அவளுக்கு. இவ கிட்டப் போய் உக்காந்ததும் வளையலைத் தொட்டா, கையைத் தொட்டா, கன்னத்தைத் தொட்டா.

"நெசமாவே நீயா தாயி?"

"நாந்தான் ஆத்தா. பசிக்குது, சோறு போடு."

அன்னக்கொடி ஆசை தீர இருந்தா. கூப்பிட வந்த வீரணன்கிட்ட, "வரணும்னு தோணுறப்ப வர்றேன்னு அத்தைகிட்டச் சொல்லுங்க"ன்னா. அதுவரைக்கும் ஒச்சாயிதான் அடுப்பூதுனா, கம்மாய்க்குப் போய்த் தண்ணி சுமந்தா, வண்டி வருதான்னு வழியப் பாத்தா. அடுத்தவளை ஏங்க வச்சவ, தானும் ஏங்கித்தான் அதைத் தெரிஞ்சுக்கிட்டா.

அம்புட்டுதான். ஆத்தாளும் மகளும் அங்க சோறு தின்னு படுத்துட்டாங்க, நீங்களும் போத்திக்கிட்டுப் படுங்க.