ஐந்தில் மிஞ்சியது

“நான் ஊருக்குப் போறேன், வாத்தியாரே,” என்றாள் தெய்வானை.

பை ஏற்கெனவே தோளில் தொங்கியது. நாலரை மணி பஸ் மலையடிவாரத்தில் வந்து திரும்பும்.

நல்லமுத்து வாத்தியார் சிலேட்டுத் துடைக்கும் துணியை அலசிக்கொண்டிருந்தார். அவளைவிட இருபது வயது சின்னவர்.

“என்னக்கா குறை?”

“பதினோரு பேர் இருக்கோம். ரெண்டு ரெண்டு பேரா உக்காரச் சொல்றீங்க. ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் சரிபாக்கணும்னு சட்டம். நான் வந்து பத்து மாசம் ஆச்சு. என் சிலேட்டை இன்னும் ஒருத்தரும் பாக்கல.”

முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அந்த ஊரை இந்த ஊரோடு சேர்த்துவிட்டு, பேச்சு ஆரம்பித்ததும் காதை எடுத்துக்கொள்ள வேண்டிய உத்தியோகம். அவளுக்கென்று ஒரு லைன் கடைசிவரை கிடைக்கவில்லை. கணக்காவது துணைக்கு வரும் என்று இந்தக் கணக்கு மடத்துக்கு வந்தாள். இங்கேயும் அதே கதைதான். அவளுக்கு வலித்தது. வலியை மறைக்கிற வயதையும் அவள் தாண்டிவிட்டாள்.

“காலையில கொடுத்த அஞ்சு என்னாச்சு?” என்றார் வாத்தியார்.

மடத்தின் வெள்ளைச் சுவரில் முடிவில்லாத பெருக்கல் ஒன்று எழுதியிருந்தது. அடைப்புக்குறிக்கு அடுத்து அடைப்புக்குறி, ஓரத்தில் மூன்று புள்ளி. அதை விரித்தால் என்ன வரும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. ஜோடிக்கு ஓர் எண்; ஐந்து என்றால் ஐந்து புளியங்கொட்டை. கீழ்வரிசை மேல்வரிசையைவிடச் சின்னதாக இருக்கும்படி, அவற்றை எத்தனை விதமாக அடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் அடுக்க வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் கூட்டல், ஒற்றைப்படை என்றால் கழித்தல். கடைசி வரிசையை எடுத்து மேல்வரிசைகளின் ஓரத்தில் ஒட்டினாலோ, ஓரத்தை உரித்துக் கடைசி வரிசையாக வைத்தாலோ எது கிடைக்கிறதோ அதுதான் ஜோடி. ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் அப்படிச் சேர்ந்தால் இரண்டும் காலி.

“முடிச்சிட்டேன். நாலு விதம், ரெண்டு ஜோடி. எல்லாம் தீந்துருச்சு.”

புளியங்கொட்டை கட்டிய துணிமுடிச்சை நீட்டினாள். வாத்தியார் அவிழ்த்து எண்ணினார்.

“ஆறு இருக்கே.”

அவள் தோள்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னொண்ணு ஏது?”

“சமையக்கட்டுல எடுத்தேன்.”

“ஏன்?”

“அஞ்சுல மூணு விதந்தான் வருது. ஒரே வரிசையா அஞ்சு. அப்புறம் நாலும் ஒண்ணும். அது ரெண்டும் ஜோடி சேந்துருச்சு. மூணும் ரெண்டும் மட்டும் நின்னுபோச்சு. எப்படித் திருப்பினாலும் அதுக்கு ஆளில்ல. மத்தவங்களுக்கெல்லாம் சுத்தமாத் தீந்துது. இது தனியா நிக்கிறதைப் பாக்க முடியல, வாத்தியாரே. அதான் ஒண்ணு கூடப் போட்டேன்.”

வாத்தியார் துணியை உதறிக் காயப்போட்டார். மற்றவர்களைக் கூப்பிட்டார்.

ஐந்து ஜோடியும் வந்து நின்றது.

“மூணுல என்ன எழுதணும்?”

“ஒண்ணுமில்ல. தீந்துருச்சு.”

“நாலு?”

“ஒண்ணுமில்ல.”

ஆறிலும் ஒன்றுமில்லை, எட்டிலும் ஒன்றுமில்லை, ஒன்பதிலும் ஒன்றுமில்லை. ஒருவர் சிலேட்டை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பேசிச் சிரித்தபடி டீ குடிக்கப் போனார்கள்.

வாத்தியார் சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.

“அஞ்சுல?”

தெய்வானை ஆறாவது கொட்டையைத் தனியே எடுத்து வைத்தாள்.

“மூணும் ரெண்டும் மிச்சம்.”

“குறி?”

“ரெண்டு வரிசை. கூட்டல்.”

“எழுதுங்க.”

பெருக்கலுக்குக் கீழே விடைக்கான வரி. அதன் தொடக்கத்தில் மங்கிய எழுத்தில் ஒன்றும் இரண்டும் மட்டும் கழித்தல் குறியோடு இருந்தன. அப்புறம் சுவர் முழுக்க வெறுமை. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் ஐந்தை எழுதினாள். கூட்டல் குறி கொஞ்சம் கோணியது.

“இதுக்கு முன்னாடி அஞ்சை யாருக்கும் கொடுக்கலையா?”

“நாலு பேருக்குக் கொடுத்தேன். நாலு பேரும் ஆறாக்கிக் கொண்டுவந்தாங்க. அப்புறம் பஸ் ஏறிட்டாங்க.”

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

அவள் மங்கிய எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இந்த ஒண்ணும் ரெண்டும் யாரு எழுதினது?”

“நான்தான். பதினாலு வருஷமாச்சு.”

“சரிபாத்தது யாரு?”

வாத்தியார் காய்கிற துணியை இன்னொரு தரம் இழுத்துவிட்டார்.

“யாரும் பாக்கல, அக்கா.”

ஹாரன் மறுபடி அடித்தது. தெய்வானை பையை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள்.